இலவச சட்ட உதவி மையம்: நாள் கடக்கும் முன் போனால் நல்ல சேவை

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகம் தரும் உதவி உண்மையிலேயே பெரிது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே வழக்கறிஞர் கிடைப்பார். கோர்ட் கட்டணத்தையும் அவர்களே ஏற்பார்கள். 15100-க்கு போன் செய்தும் விசாரிக்கலாம்.

ஆனால், அங்கே மனு கொடுத்த நாள் வழக்குப் போட்ட நாள் ஆகாது. மனுவைப் பார்த்து, வழக்கறிஞரை நியமித்து, அவர் பிராது (வழக்கு மனு) தாக்கல் செய்யும்வரை காலவரம்பு, அதாவது வழக்குப் போட சட்டம் தரும் கெடு, ஓடிக்கொண்டேதான் இருக்கும். வக்கீல் நோட்டீஸ் விட்டாலும் நிற்காது. எனவே உட்கார்ந்ததும் கதையைத் தொடங்காமல், தேதியுள்ள காகிதத்தை முதலில் நீட்டுங்கள்.

கேட்டவுடன் தரவேண்டிய புரோநோட்டுக்கு எழுதிய தேதியிலிருந்து 3 வருடம். நோட்டின் பின்புறம் "ரூ. 2,000 வரவு" என்று இருந்தால் அந்த நாளிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்: அந்த வரவை, காலம் முடியும் முன், பணம் கட்டியவரே எழுதியிருக்க வேண்டும், இல்லையென்றால் அவர் கையெழுத்தாவது வேண்டும். கடன் கொடுத்தவர் தானே எழுதி வைத்துக்கொண்டால் செல்லாது. கடைசி நாள் மே விடுமுறையில் விழுந்தால், கோர்ட் திறக்கும் நாளில் தாக்கல் செய்யலாம்.

சொந்த நிலத்தை வேறொருவர் தனதென்று பிடித்துக்கொண்டால் 12 வருடம். அவதூறுக்கு நஷ்டஈடு கேட்க ஒரே வருடம். நுகர்வோர் புகாருக்கு 2 வருடம். தாமதத்துக்குத் தக்க காரணம் சொன்னால் ஏற்கலாம். சிவில் வழக்குக்கு அந்தச் சலுகை கிடையாது. மேல்முறையீட்டுக்கு உண்டு. எதிராளி வாய் திறக்காவிட்டாலும், காலம் கடந்த வழக்கை நீதிபதி தள்ளுபடி செய்தே ஆகவேண்டும்.

இந்தச் சேவையை நம்பிக் காத்திருக்கக் கூடாதது செக் வழக்கு. செக் திரும்பிய தகவல் வங்கியிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். செக் கொடுத்தவருக்கு நோட்டீஸ் கிடைத்தபின் அவர் பணம் கட்ட 15 நாள், அதுவும் போனால் ஒரு மாதத்துக்குள் புகார். நோட்டீஸை வழக்கறிஞர்தான் அனுப்ப வேண்டும் என்றில்லை. 25 நாள் ஓடிவிட்டதென்றால் அன்றே நீங்களே எழுதித் தபாலில் சேர்த்து, ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டு, பிறகு மையத்துக்குப் போங்கள்.