லைட்கர்வ்: அடங்கிய விண்மீனுக்கு அருமை, கொந்தளிக்கும் குறுமீனுக்கு எச்சரிக்கை

டெஸ் விண்கலத் தரவில் புறக்கோள் (வேறு விண்மீனைச் சுற்றும் கோள்) தேட லைட்கர்வைவிட எளிய இலவசப் பைத்தான் தொகுப்பு கிடைப்பது அரிது. விண்மீனின் பெயரைக் கொடுத்தால், அதன் ஒளி நேரத்தோடு மாறுவதைக் காட்டும் ஒளி வளைகோடு வந்துவிடும். விண்மீனின் சொந்த ஏற்ற இறக்கத்தை நீக்கித் தட்டையாக்கி, கடப்பை, அதாவது கோள் விண்மீனின் குறுக்கே வந்து ஒளியை மறைப்பதைத் தேடப் பத்து வரி நிரல் போதும். குறையெல்லாம் அதன் முன்னிருப்பு (நாம் மாற்றாவிட்டால் இயங்கும்) அமைப்புகளில்தான். அடிக்கடி ஃப்ளேர் (திடீர் ஒளிவெடிப்பு) வீசும் சிவப்புக் குறுமீனில் (சிறிய, மங்கலான விண்மீனில்) அவை காலை வாரிவிடும்.

ஏயூ மைக்ரோஸ்கோப்பி என்ற சிவப்புக் குறுமீனையே பாருங்கள். அதன் பி கோள் 8.46 நாளுக்கு ஒருமுறை குறுக்கே வந்து, சுமார் மூன்றரை மணி நேரம், ஏறக்குறைய 0.26 சதவீத ஒளியை மறைக்கிறது. தட்டையாக்கும் ஃபிளாட்டன் கட்டளையின் முன்னிருப்புச் சாளரம் (ஒரு வேளையில் சேர்த்துப் பார்க்கும் புள்ளிகள்) 101 புள்ளி. 2 நிமிடத் தரவில் அது 3 மணி 22 நிமிடம். சாளரமும் கடப்பும் ஒரே நீளம் என்றால் போக்குக்கோடு (வளைகோட்டை வகுக்கப் பயன்படும் மென்மையான கோடு) பள்ளத்துக்குள்ளேயே இறங்கும், கோள் கரைந்துபோகும். கடப்பைப் போல மூன்று மடங்காவது வேண்டும்: 315 புள்ளி. 20 விநாடித் தரவில் 1891. இரண்டுமே ஒற்றைப்படை, சாளரம் அப்படித்தான் இருக்க வேண்டும்.

விலகிய புள்ளிகளை நீக்கும் ரிமூவ் அவுட்லையர்ஸ் கட்டளை முன்னிருப்பாக 5 சிக்மாவில் (வழக்கமான சிதறலைப் போல ஐந்து மடங்கில்) மேலும் கீழும் வெட்டுகிறது. ஃப்ளேரோ சட்டென ஏறி மெல்ல வடியும். உச்சி வெட்டுப்படும், வால் தங்கிவிடும். அந்த வால் போக்குக்கோட்டை மேலே இழுப்பதால், வகுத்தபின் இருபுறமும் பொய்ப் பள்ளங்கள் முளைக்கும். சீரான இடைவெளியில் வரும் பெட்டி வடிவப் பள்ளங்களைத் தேடும் பிஎல்எஸ் தேடல் அவற்றையும் கோள் என்று நீட்டக்கூடும். கடப்பின் நடுவே ஃப்ளேர் வந்தாலோ பள்ளம் தூர்ந்து, கோளின் ஆரம் குறைவாக வரும்.

எனவே தட்டையாக்கும் முன் மூல வளைகோட்டை வரைந்து, ஒவ்வொரு ஃப்ளேரையும் ஏற்றம் முதல் வால் அடங்கும்வரை குறித்து, அவற்றைப் போக்குக்கோட்டில் சேராமல் விலக்கும் ஃபிளாட்டனின் மாஸ்க் அளவுருவில் கொடுங்கள். பிறகு ரிமூவ் அவுட்லையர்ஸில் சிக்மா அப்பர் (மேல் வரம்பு) 4, சிக்மா லோயர் (கீழ் வரம்பு) முடிவிலி. எஞ்சிய பள்ளம் ஃப்ளேரின் ஓரத்தில் ஒட்டி நின்றால் நம்பாதீர்கள்.

ஃப்ளேரைக் குறிக்க 20 விநாடித் தரவே மேல். 2 நிமிடத் தரவில் காஸ்மிக் கதிரை நீக்க, பத்து 2 விநாடிப் பதிவுகளில் உச்சத்தையும் தாழ்வையும் கலமே கழித்துவிடுகிறது. குறுகிய ஃப்ளேர்களின் முனை அதில் மழுங்கும்.

அரை நாளில் சுழன்றுவிடும் குறுமீனுக்கு இந்த வழியும் எடுபடாது. பத்து மணி நேரச் சாளரத்தால் சுழற்சி அலையைப் பின்தொடர முடியாது, சுருக்கினால் கடப்பு போய்விடும். அங்கே சுழற்சி அலையைப் புள்ளியியல் வழியில் மாதிரியாக்கும் காஸியன் புராசஸ் வேண்டும். அது லைட்கர்வில் இல்லை, வேறு தொகுப்பை இணைத்துக்கொள்ள வேண்டியதுதான்.