ஆப்டக்கானை மீட்பதா, பிரெயில் திரையே போதுமா?

ஆப்டக்கான், பார்வையற்றோர் அச்சைத் தொட்டுப் படிக்க உதவிய கருவி. அது அச்செழுத்தைப் பிரெயிலாக மாற்றாது. அதன் உருவத்தையே விரலுக்குத் தரும். வலக்கையால் சின்னக் கேமராவை வரிமேல் நகர்த்தினால், இடக்கைச் சுட்டுவிரலுக்கு அடியில் 144 ஊசிகள் (24 வரிசை, வரிசைக்கு 6) அதே வடிவில் அதிரும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியர் ஜான் லின்வில், பார்வையற்ற தம் மகளுக்காகத் தொடங்கிய வேலை இது. 1971இல் விற்பனைக்கு வந்தது; 1996இல் தயாரிப்பு நின்றது.

நான்கு மொழி அறிவிப்புகள் புழங்கும் சிங்கப்பூரில் இதன் அருமை தனி. எந்த மொழியானால் என்ன? படிவத்தில் எங்கே கட்டம், எங்கே கையெழுத்துக் கோடு என்பதுகூட விரலுக்குத் தெரியும். ஆனால் நம் 'ணை', 'ஞ' சுழிகளை ஆறு ஊசி அகலத்தில் தடவிப் பிரித்தறிவது லேசுப்பட்டதல்ல. மாதக்கணக்கில் பழக வேண்டும், வேகமும் குறைவு.

பிரெயில் திரை சுலபம். கைப்பேசி படமெடுத்து எழுத்தை அடையாளம் காணும், திரை அதை விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளாக்கும். தமிழுக்கு, இந்திய மொழிகளுக்கான பொதுப் புள்ளி எழுத்துமுறையான பாரதி பிரெயில் உண்டு. லிட்டில் இந்தியாவின் தேக்கா மளிகை ரசீதில் 8ஐ 3 என்று கைப்பேசி தவறாக எடுத்துக்கொண்டால் மட்டும் வம்பு. விரலுக்கும் 3தான் வரும்.

அன்றாடத்துக்கு என் தேர்வு பிரெயில் திரைதான். பழைய பெட்டியை அப்படியே மறுபடி செய்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. கைப்பேசிக் கேமராவோடு இணையும் ஊசித்தட்டு வந்தால், சந்தேகமான எண்ணைத் தடவிச் சரிபார்க்க வாங்கி வைப்பேன்.