ஏற்காட்டுப் புதினா தைலம்: நெற்றிக்குச் சரி, வயிற்றுக்கு வேண்டாம்

ஏற்காடு ஏரிக்கரைக் கடைகளில் யூகலிப்டஸ் தைலத்துக்குப் பக்கத்திலேயே புதினா தைலமும் அடுக்கியிருக்கும். அப்படி வாங்கிய ஒரு 30 மில்லி பாட்டிலைப் பற்றியது இது.

லேபிளில் நம் சமையல் புதினாவின் படம். உள்ளே இருப்பது அது இல்லை. சமையல் புதினா எண்ணெயில் கார்வோன் என்ற மணப்பொருள்தான் அதிகம். மணக்கும், ஜில்லென்று இருக்காது. இந்தத் தைலமோ தடவிய நொடியே குளிர்கிறது. அது மெந்தாலின் வேலை. தோல் நரம்பில் குளிரை உணரும் டிஆர்பிஎம்8 என்ற ஏற்பியையே மெந்தால் தூண்டிவிடுகிறது. சூடு குறையாமலே குளிர்வதாகத் தெரிகிறது. மூக்கடைப்பிலும் இதே கதைதான். மூச்சு தாராளமாகப் போவது போல இருக்குமே தவிர, அடைப்பு அப்படியே இருக்கும்.

மெந்தால் 70 முதல் 80 சதவீதம் இருப்பது ஜப்பான் புதினாவில். நம் நாட்டில் அது பெருமளவு விளைவது உத்தரப் பிரதேசத்தில், பாராபங்கிப் பக்கம். மருத்துவ ஆய்வுகள் பெரும்பாலும் எடுத்துக்கொண்டது பெப்பர்மின்ட் என்ற வேறொரு புதினா வகையின் எண்ணெயை. அதில் மெந்தால் 30 முதல் 55 சதவீதம்தான். எந்தச் செடி என்று லேபிளில் ஒரு வரிகூட இல்லை. மருந்தாக நினைத்து வாங்குகிறவர்களுக்கு இது பெரிய குறை.

சரக்கு மோசமில்லை. வெள்ளைத் தாளில் விட்ட ஒரு சொட்டு மறுநாள் பிசுக்கே இல்லாமல் ஆவியாகிவிட்டது. விளக்கெண்ணெயோ மினரல் ஆயிலோ கலந்திருந்தால் கறை நிற்கும். டர்பன்டைன் கலப்பை மட்டும் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது, அதுவும் ஆவியாகிவிடும். மூடிதான் சரியில்லை. டிராப்பரின் ரப்பரை எண்ணெயின் ஆவி இளக்கிவிடுகிறது. வாங்கியதும் திருகுமூடி போட்ட பழுப்புக் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றிவிடுங்கள்.

தலைவலிக்கு 1 மில்லி தைலம், 9 மில்லி தேங்காய் எண்ணெய். நெற்றியிலும் இரு பக்கப் பொட்டிலும் தடவி, கால் மணி நேரம் கழித்து இன்னொரு முறை. 1996இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வில் ஆல்கஹாலில் கலந்த 10 சதவீத பெப்பர்மின்ட் எண்ணெய், 1000 மில்லிகிராம் பாராசிட்டமாலுக்கு ஈடாக வேலை செய்தது. எதிலும் கலக்காமல் நேராகத் தடவினால் எரியும். கை கழுவாமல் கண்ணைத் தொட்டால் படாதபாடுதான்.

வயிற்றுக்கு நல்லது என்று சொட்டு விட்டுக் குடிக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். குடல் எரிச்சல் நோய்க்குப் பலன் தந்தது, இரைப்பையில் கரையாத பூச்சுள்ள 0.2 மில்லி பெப்பர்மின்ட் கேப்ஸ்யூல். வெறும் சொட்டு உணவுக்குழாயின் கீழ்வாயைத் தளர்த்தி நெஞ்செரிச்சலைக் கிளப்பும். 2 வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மூக்கருகே தடவவே கூடாது. குரல்வளை இறுகி மூச்சு முட்டலாம்.

மார்கழிக் குளிரில் பாட்டிலுக்குள் ஊசி ஊசியாகப் படிகம் நிற்கும். கெட்டுப்போனதென்று கொட்டிவிடாதீர்கள், அது மெந்தால். அடுப்பில் காட்டாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தி வைத்தால் கரைந்துவிடும்.