பாலக்காட்டு விண்ணப்ப வழிகாட்டி மையம்: கல்வியியல் ஆய்வுப் பட்டத்துக்கு எந்த அளவு கைகொடுக்கிறது?

பாலக்காடு நகரில் இயங்கும் ஒரு மேற்படிப்பு வழிகாட்டி மையத்தின் சேவையைப் பற்றியது இந்த மதிப்புரை. கல்வியியலில் ஆய்வை முதன்மையாகக் கொண்ட முதுகலைப் பட்டங்களுக்கு விண்ணப்பிக்க 18,000 ரூபாய் கட்டணத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை உதவுவதாக அந்த மையம் அறிவிக்கிறது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று சித்தூர் தாலுக்காவின் எல்லையோர ஊர்களில் பணிபுரியும் தமிழ்வழி ஆசிரியர்கள் சிலர் அதை நாடுகிறார்கள். நானும் அவர்களில் ஒருத்தி. இங்கே நான் குறிப்பிடும் குறைகள் இத்தொழிலில் பரவலாக உள்ளவை என்பதால் மையத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சான்றிதழ் வேலைகளுக்கு இவர்களைத் தாராளமாக நம்பலாம், எதை, எப்படி ஆராயப் போகிறோம் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தரும் ஆய்வு முன்மொழிவை மட்டும் இவர்களிடம் ஒப்படைக்கக் கூடாது.

முதல் சந்திப்பில் ஆலோசகர் பட்டங்களின் வகைகளை விளக்கிய விதம் தெளிவாக இருந்தது. ஆய்வில் நாட்டமுள்ள ஆசிரியர்கள் பலர் இன்றும் எம்.ஃபில். என்றே கேட்டுக்கொண்டு வருகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறைகளோடு இந்தியாவில் அந்தப் பட்டத்துக்கான சேர்க்கை முடிவுக்கு வந்துவிட்டது. இப்போது உள்நாட்டில் எஞ்சியிருப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று எம்.எட்.; தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி இரண்டாண்டுப் படிப்பாக்கப்பட்ட அதில் ஆய்வேடு உண்டு, சேர்வதற்குப் பி.எட்.டில் 50 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். மற்றொன்று கல்வியியல் எம்.ஏ.; பி.எட். இல்லாதவர்களும் அதில் சேரலாம். வெளிநாட்டைப் பொறுத்தவரை, பிரிட்டனின் சில பல்கலைக்கழகங்களில் எம்.ரெஸ். என்ற பெயரில் ஆய்வு முறையியலுக்கும் ஆய்வேட்டுக்கும் பெரும்பங்கு தரும் ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. கேம்பிரிட்ஜ் கல்வியியல் துறை எம்.ஃபில். என்று வழங்குவதும் ஓராண்டு முதுகலைதான். நம் ஊரில் முதுகலைக்கு மேல் படித்த பழைய எம்.ஃபில்.லோடு அதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இந்த வேறுபாடு தெரியாமல், முதுகலை முடிக்காத நமக்கு அதற்குத் தகுதியில்லை என்று ஒதுங்கிப்போன ஆசிரியர்களை நான் அறிவேன்.

ஆனால் அதே சந்திப்பில் ஒரு விடுபடலும் இருந்தது. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமமான என்.சி.இ.ஆர்.டி.யின் கீழ் மைசூரில் இயங்கும் மண்டலக் கல்வி நிறுவனம் கேரளம் உள்ளிட்ட தென்மாநிலங்களுக்கானது, அங்கே எம்.எட். படிக்கலாம். நானாகக் கேட்கும் வரை ஆலோசகர் அதைப் பற்றிப் பேசவே இல்லை. வெளிநாட்டுப் பட்டியலிலும் அவர் முதலில் காட்டியவை எல்லாம் வகுப்புப் பாடங்களையே முதன்மையாகக் கொண்ட முதுகலைகள். மாணவரைச் சேர்த்துவிடும் முகவருக்குப் பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் தரகுத்தொகை தருகின்றன என்பது தெரிந்த செய்தி. ஆகவே, ஆய்வுப் பட்டம் வேண்டுமென்று நினைப்பவர் அந்தச் சொல்லைத் திரும்பத் திரும்ப வலியுறுத்த வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் பேச்சு மெல்ல வேறு பக்கம் போய்விடும்.

இந்த மையம் உண்மையில் சிறந்து விளங்குவது ஆவண வேலையில். எல்லையில் வாழ்பவர்களின் சான்றிதழ்கள் இரண்டு மாநிலங்களில் சிதறிக் கிடக்கின்றன. பத்தாம் வகுப்பைக் கேரளத்தில் முடித்து, இளங்கலையைக் கோயம்புத்தூரில் படித்து, பி.எட்.டைத் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகத்தின் கீழ் முடித்தவர் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தில் எம்.எட். சேர விரும்பினால், வெளிமாநிலப் பட்டத்துக்கான தகுதிச் சான்றை முதலில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இதைக் கடைசி நேரத்தில் தெரிந்துகொண்டு ஓராண்டை இழப்பவர்கள் உண்டு. மையத்தின் ஊழியர் என் கோப்பைத் திறந்தவுடனேயே இதைக் கண்டுபிடித்து, எந்தப் படிவம், எந்த அலுவலகம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பெயர்ச் சிக்கலையும் அவர் அதே கவனத்தோடு கையாண்டார். நம்மில் பலருக்குத் தமிழ்நாட்டுச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் தலைப்பெழுத்து இருக்கும். கேரளச் சான்றிதழில் அது பெயருக்குப் பின்னால் வரும். கடவுச்சீட்டிலோ தந்தையின் பெயர் முழுதாக விரிந்து குடும்பப் பெயராகிவிடும். மூன்றும் ஒருவரே என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் புரியவைப்பது எளிதன்று. கேரளத்தில் இதற்கென்றே வில்லேஜ் ஆபீசில் 'ஒன் அண்ட் சேம்' சான்றிதழ் தருகிறார்கள். இ-டிஸ்ட்ரிக்ட் என்னும் அரசு இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். "டீச்சர், மதிப்பெண் பட்டியலுக்கு எழுதுவதற்கு முன்னால் இதை வாங்கிவிடுங்கள், பிறகு எல்லாமே எளிது" என்று அவர் சொன்ன வரிசை சரியானது. சாதிச் சான்றிதழைப் பற்றியும் எச்சரித்தார்: பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் மாறுவதால், தமிழ்நாட்டில் ஒரு பிரிவில் இருப்பவர் கேரளத்திலும் அதே பிரிவில் இருப்பார் என்று எண்ணிவிடக் கூடாது. இந்தப் பகுதிக்கு மட்டும் கட்டணம் என்றால் நான் மனநிறைவோடு கொடுப்பேன்.

உதவித்தொகை பற்றிய வழிகாட்டல் போதாது. கல்விக் கடன் பற்றி நீண்ட நேரம் பேசியவர்கள், ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையை ஒரு வரியில் கடந்தார்கள். பட்டியல் சாதியினர், சீர்மரபினர், நிலமற்ற விவசாயக் கூலிகள், மரபுவழிக் கைவினைஞர்கள் ஆகியோரின் பிள்ளைகள் முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் வெளிநாடு செல்ல உதவும் திட்டம் அது. 35 வயதுக்கு உட்பட்டிருக்க வேண்டும், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. எல்லையோரத் தோட்டங்களிலும் வயல்களிலும் கூலி வேலை செய்யும் தமிழ்க் குடும்பங்களின் முதல் பட்டதாரிகளுக்கு இதைவிட முக்கியமான செய்தி எதுவும் இல்லை. மையம் இதைச் சுவரில் எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஆய்வு முன்மொழிவு எழுதும் பகுதியில்தான் எனக்குப் பெரும் ஏமாற்றம். தமிழ்வழியில் நான்காம் வகுப்பு முடித்து ஐந்தாம் வகுப்பில் மலையாள வழிக்கு மாறும் குழந்தைகள் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள். எண்களில் அவர்கள் தடுமாறுவதில்லை. வாய்மொழியாகக் கேட்டால் சரியான விடையைச் சொல்கிறார்கள். அதே கணக்கு வாக்கியமாக அச்சில் வரும்போது நின்றுவிடுகிறார்கள். கேரளப் பள்ளிகளில் பத்தாம் வகுப்பு வரை மலையாளம் கட்டாயம் என்று 2017இல் சட்டம் வந்த பின், எங்கள் பகுதியில் தமிழ்வழியில் படிக்கும் குழந்தைகளும் மலையாளத்தை ஒரு பாடமாகப் படிக்கிறார்கள். அந்தப் பாடம் இந்தத் தடுமாற்றத்தைக் குறைக்கிறதா, வழி மாறும் குழந்தை கணக்கு வாக்கியத்தை எந்த மொழியில் புரிந்துகொள்கிறது என்பதே என் கேள்வி. ஓர் ஆசிரியை தன் வகுப்பறையில் நின்று மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி அது.

மையத்தில் எழுதித் தருபவர் அதை எடுத்துக்கொண்டு, பாலக்காடு மாவட்ட மாணவர்களின் கற்றல் ஆர்வத்துக்கும் கல்விச் சாதனைக்கும் உள்ள தொடர்பு என்று மாற்றித் தந்தார். முந்நூறு மாணவர்களிடம் வினாத்தாள், இரு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-சோதனை என்ற புள்ளியியல் முறை, பாலின வாரியாக ஒப்பீடு என்று எல்லாம் அதில் இருந்தன. குழந்தைகள் மட்டும் இல்லை. இப்படிப்பட்ட தலைப்புகளைத் தேர்வுக் குழுவினர் நிறையவே பார்த்திருப்பார்கள். முன்மொழிவில் அவர்கள் தேடுவது, கேள்வி ஓராண்டில் முடிக்கக்கூடிய அளவில் இருக்கிறதா, அதற்கு முன்னால் பிறர் என்ன கண்டிருக்கிறார்கள், எந்த வகுப்பறையில் யாருடைய அனுமதியோடு தரவு திரட்டப்படும் என்பவற்றை. எங்கள் ஊரில் இதற்குத் தலைமையாசிரியரின் இசைவும் உதவிக் கல்வி அலுவலரான ஏ.இ.ஓ.வின் அலுவலக அனுமதியும் வேண்டும். குழந்தைகள் என்பதால் பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதலும் வேண்டும். பிரிட்டிஷ் கல்வி ஆய்வுச் சங்கத்தின் நெறிமுறைகள் இதை விரிவாகச் சொல்கின்றன. மையத்தின் வரைவில் அனுமதி பற்றி ஒரு சொல் கூட இல்லை.

நான் அதை ஒதுக்கிவிட்டு நானே எழுதினேன். அதற்குத் தேவையானவை பெரும்பாலும் இலவசமாகக் கிடைத்தன. காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்காவில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் பிஎச்.டி. ஆய்வேடுகள் இயல் இயலாகப் படிக்கக் கிடைக்கின்றன. முந்தைய ஆய்வுகளைத் தொகுத்திருக்கும் இயலை மட்டும் படித்தாலே களம் தெரிந்துவிடும். அமெரிக்கக் கல்வித் துறையின் எரிக் தரவுத்தளத்தில் முழுக் கட்டுரை கிடைப்பவற்றை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். கேரளத்தின் தமிழ்வழிப் பாடநூல்களைச் பாடநூல்கள் கிடைக்கும் சமக்ரா என்னும் கேரள அரசு இணையதளத்திலிருந்து எடுத்து மலையாள வழி நூலோடு பக்கம் பக்கமாக ஒப்பிட்டபோது, என் கேள்வி இன்னும் கூர்மையானது. முன்மொழிவை விலைக்கு வாங்குபவர் இழப்பது இந்தக் கூர்மையைத்தான். நேர்காணலில் ஒரு துணைக்கேள்வி வந்தாலே அது வெளிப்பட்டுவிடும்.

பரிந்துரைக் கடிதங்களையும் மையமே எழுதி, பேராசிரியரிடம் கையொப்பம் வாங்கிவரச் சொல்கிறது. இது தவறு. பல வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பரிந்துரைப்பவருக்கு நேரடியாகவே மின்னஞ்சல் அனுப்புகின்றன. என் பி.எட். பேராசிரியரிடம் முன்மொழிவைக் கொடுத்து, "சார், படித்துப் பார்த்து நீங்களே எழுதுங்கள்" என்று கேட்டபோது, அவர் எழுதித் தந்ததோடு என் தரவுத் திட்டத்திலும் இரண்டு திருத்தங்கள் சொன்னார்.

உள்நாட்டு எம்.எட். கல்லூரிகளைத் தேர்ந்தெடுப்பதில் மையம் கட்டணத்தையும் தொலைவையும் மட்டுமே பார்க்கிறது. ஓர் அலகுக்கு, அதாவது ஒரு சேர்க்கைப் பிரிவுக்கு, 50 மாணவர்கள் என்பது விதிமுறை. அத்தனை பேரின் ஆய்வேட்டுக்கும் எத்தனை பேர் கைடாக இருக்கிறார்கள், மொழிச் சிறுபான்மையினர் கல்வியில் அவர்களில் யாருக்காவது பழக்கம் உண்டா என்பதைக் கல்லூரிக்கு நேரில் போய்க் கேட்க வேண்டும். முந்தைய ஆண்டுகளின் ஆய்வேடுகளை நூலகத்தில் எடுத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

அறிவிப்புப் பலகையில் இல்லாவிட்டாலும், ஆவணப் பணிக்கு மட்டும் 6,000 ரூபாய் என்று தனிக் கட்டணம் இந்த மையத்தில் இருக்கிறது. கேட்டால் தருகிறார்கள், ரசீதும் உண்டு. பாலக்காடு எல்லையில் இருக்கும் ஆசிரியர்களுக்கு அதையே பரிந்துரைக்கிறேன். பிரிட்டனில் அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கான விண்ணப்பங்கள் பொதுவாகச் செப்டம்பர், அக்டோபர் வாக்கில் தொடங்கிவிடுவதால், ஓணம் விடுமுறைக்கு முன்பே வில்லேஜ் ஆபீஸ் வேலையை முடித்துவிடுவது நல்லது.