லினக்ஸ் மின்ட் 22: விண்டோஸ் ஒரு டிரைவில், மின்ட் இன்னொன்றில்

விண்டோஸ் 11-ஐத் தொடாமல் இரண்டாவது எஸ்எஸ்டியில் லினக்ஸ் போட நினைப்பவர்களுக்கு மின்ட் 22 நல்ல தேர்வு. இன்ஸ்டாலரில் மட்டும் ஒரு பழைய வம்பு உண்டு. கணினியை எழுப்பும் நிரலான பூட்லோடர் எந்த டிரைவில் என்று கேட்கும். இரண்டாவதைக் காட்டினாலும், யுஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்குப் பதில் வந்த தொடக்க மென்பொருள்) கணினியில் பெரும்பாலும் விண்டோஸின் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே (பூட்லோடர்கள் இருக்கும் சிறு பகுதி) மின்ட்டின் பூட்லோடரான கிரப்பைப் போட்டுவிடும். நாளை விண்டோஸ் டிரைவைக் கழற்றினால் மின்ட்டும் எழாது. தனி டிரைவு வாங்கிய காசு தண்டம்!

நிறுவும்போது விண்டோஸ் டிரைவைக் கழற்றி வைப்பதே உத்தமம். மடிக்கணினியில் அது சிரமம் என்றால், மின்ட்டை நிறுவாமலே ஓட்டும் லைவ் யுஎஸ்பியில் ஜிபார்ட்டெட் என்ற பார்ட்டிஷன் கருவியைத் திறந்து, விண்டோஸ் இஎஃப்ஐ பார்ட்டிஷனின் பூட், இஎஸ்பி ஃபிளாக்குகளை (இது இஎஃப்ஐ பகுதி என்று காட்டும் குறிகள்) எடுத்துவிடுங்கள். நிறுவி முடித்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள். புது டிரைவில் இஎஃப்ஐ பார்ட்டிஷனுக்கு 512 எம்பி தாராளம்.

விண்டோஸின் டிரைவ் பூட்டான பிட்லாக்கர் இருந்தால் ரெக்கவரி கீயை முதலிலேயே எடுத்து வையுங்கள். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை (முழுதாக அணையாமல் வேகமாக எழும் வசதி) அணைக்காவிட்டால் விண்டோஸ் டிரைவில் மின்ட்டிலிருந்து எழுத முடியாமல் போகும். இந்தியாவில் விண்டோஸ் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கிக் காட்டினால் பயப்பட வேண்டாம்: மின்ட் யுடிசியில் (உலகப் பொது நேரம்) வைத்த நேரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, அவ்வளவுதான். டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையால் மின்ட்டை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடலாம்.