குளிரில் எது தேறும்: டூ ஸ்ட்ரோக்கா, ஃபோர் ஸ்ட்ரோக்கா?

சைக்கிளில் இன்ஜின் மாட்டி ஓட்டுபவர்களில் பெரும்பாலும் இரண்டு கட்சி. ஒரு கட்சி, சைக்கிள் ஃபிரேமின் நடுவில் டூ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு தடவை போய்வந்தாலே ஒரு எரிப்பு) கிட்டைப் பொருத்தி, செயின் வழியாகப் பின்சக்கரத்தை ஓட்டுகிறது. இதை '80 சிசி' என்று விற்பார்கள். சிலிண்டர் விட்டம் 47 மி.மீ., பிஸ்டன் நகரும் தூரம் 38 மி.மீ. என்று கணக்குப் போட்டால் 66 சிசிதான் வரும். இன்னொரு கட்சி ஹோண்டா ஜிஎக்ஸ்35, ஹுவாஷெங் 142எஃப் மாதிரியான ஃபோர் ஸ்ட்ரோக் (இரண்டு தடவை போய்வந்தால்தான் ஒரு எரிப்பு) இன்ஜின்களை நம்புகிறது. வெயில் காலத்தில் இந்தச் சண்டைக்கு முடிவே கிடையாது. வெப்பநிலை 0 டிகிரியைத் தொடும்போதுதான் இரண்டின் குணமும் வெளியே வருகிறது. எது சீக்கிரம் ஸ்டார்ட் ஆகும் என்பதையே எல்லோரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு தடவை கிளம்பினால் எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள் என்பதைத்தான் முதலில் கேட்பேன்.

ஸ்டார்ட் ஆவதில் டூ ஸ்ட்ரோக்குக்கே முதலிடம். அதன் கிராங்க் கேஸில் (இன்ஜினின் அடிப்பெட்டியில்) ஆயில் தேங்கி நிற்பதில்லை. பெட்ரோலோடு கலந்து வரும் ஆயில்தான் பேரிங்கை நனைக்கிறது. அதனால் குளிரில் இறுகிப்போய்ப் பிடித்து இழுக்க உள்ளே எதுவும் இல்லை. கலவையில் காற்றைக் குறைக்கும் சோக்கைப் போட்டு, மிதித்து வேகம் எடுத்து, கிளட்சை விட்டால் இன்ஜின் சுற்றியே ஆக வேண்டும். ஆனால் தரையில் பனி உறைந்திருந்தால் இதே வசதி ஆபத்தாகிறது. கிளட்சை விட்ட நொடியில் கம்ப்ரஷன் பின்சக்கரத்தைப் பிடிக்கும், டயர் வழுக்கும், ஆள் கீழே. ஸ்டாண்டில் பின்சக்கரத்தைத் தூக்கி வைத்து, பெடலைக் கையால் சுற்றி ஸ்டார்ட் செய்வதே நல்லது. அப்புறம் கிளட்ச் லிவரைப் பூட்டிவிட்டு நின்ற இடத்திலேயே இன்ஜினைச் சூடாக்கலாம்.

ஃபோர் ஸ்ட்ரோக்கை ஸ்டார்ட் செய்யக் கயிறை இழுக்க வேண்டும். உள்ளே தேங்கியிருப்பது குளிரில் இறுகும் எஸ்ஏஇ 30 ஆயிலாக இருந்தால் காலையில் தோள்பட்டை கழன்றுவிடும். 10டபிள்யூ-30 ஓரளவு தாங்கும் (டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய ஆயில் குளிரில் இளகி ஓடும்). கடுங்குளிருக்கு 5டபிள்யூ-30, அதுவும் சிந்தெட்டிக், வாங்கிவிடுங்கள். ஜிஎக்ஸ்35-க்கு 100 மி.லி. ஆயில் போதும் என்பதால் இதில் கஞ்சத்தனம் பார்க்கத் தேவையே இல்லை. ஸ்டார்ட் ஆனபிறகு வேகம் ஏறினால் தானாகப் பிடிக்கும் சென்ட்ரிஃபியூகல் கிளட்ச் கைகொடுக்கும்: ஐட்லிங்கில் சக்கரத்தோடு தொடர்பே இருக்காது, நிதானமாகச் சூடேறட்டும் என்று விட்டுவிடலாம்.

ஓட ஆரம்பித்த பிறகுதான் டூ ஸ்ட்ரோக்கின் பலவீனம் தெரியும். 20 டிகிரியில் இருக்கும் காற்றைவிட 0 டிகிரி காற்று சுமார் 7 சதவீதம் அடர்த்தி அதிகம்; மைனஸ் 20-இல் வித்தியாசம் 15 சதவீதத்தைத் தாண்டும். காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டர் இதைக் கொஞ்சம்தான் ஈடுகட்டும். மீதிக்கு இன்ஜின் லீனாக, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லாமல், ஓடும். குளிர்க்காற்று அடிக்கிறதே, இன்ஜின் எப்படிச் சூடாகும் என்று நினைக்கத் தோன்றும். வெளியே சூட்டைக் கடத்தும் ஃபின்கள் சில்லென்று இருக்க, உள்ளே பிஸ்டன் தலை கொதித்துக்கொண்டிருக்கும். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் குறைந்தால் அதோடு வரும் ஆயிலும் குறைகிறது. முடிவு, பிஸ்டன் சீஸ், அதாவது சிலிண்டருக்குள் இறுகி நின்றுவிடும். கோடையில் கச்சிதமாக டியூன் செய்து, ஸ்பார்க் பிளக்கில் அழகான பழுப்பு நிறம் பார்த்துப் பூரித்த வண்டிதான் குளிரில் முதலில் மாட்டும். ஏற்கெனவே கொஞ்சம் ரிச்சாக, அதாவது பெட்ரோல் கூடுதலாக, புகைவிட்டுக்கொண்டு ஓடிய வண்டி தப்பித்துவிடும்.

இதற்கு வைத்தியம் சுலபம்தான். கார்புரேட்டர் ஊசியின் கிளிப்பை ஒரு பள்ளம் கீழே போட்டால் ஊசி மேலே ஏறும், நடுத்தர த்ராட்டிலில் (ஆக்ஸிலரேட்டரில்) பெட்ரோல் கூடும். முழு த்ராட்டிலில் ஓட்டுபவராக இருந்தால் அது போதாது, ஒரு அளவு பெரிய மெயின் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) வேண்டும். வெயில் திரும்பியதும் இரண்டையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பெட்ரோலில் ஆயில் கலப்பதை வீட்டுக்குள் வைத்துச் செய்யுங்கள். குளிர்ந்த ஆயில் தேனைப் போல அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும், நன்றாகக் குலுக்காவிட்டால் ஒரு டேங்க் முழுக்கக் கலவை ஒரே மாதிரி இருக்காது.

ஃபோர் ஸ்ட்ரோக்கும் இதே காற்றில் லீனாகத்தான் ஓடும். ஆனால் ஆயில் தனியாக இருப்பதால் சட்டென்று சீஸ் ஆவதில்லை. தடுமாறும், இருமும், இழுவை குறையும். எச்சரிக்கை கொடுத்துவிட்டுத்தான் கெடும். நீண்ட தூரத்துக்கு நான் இதன் பக்கம் நிற்பதற்கு இந்தப் பொறுமைதான் காரணம்.

அதன் கேடு வேறு இடத்தில் இருக்கிறது. 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி ஆவியாக சைலன்சர் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி ஆயிலுக்குள் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறினால் அதுவும் ஆவியாகிவிடும். பத்து நிமிடம் ஓட்டி நிறுத்தும் ஆளுக்கு அந்தச் சூடு வருவதே இல்லை. ஆயில் மூடியைத் திறந்தால் உள்ளே வெளுத்த குழம்பு மாதிரி ஒட்டியிருப்பது இதுதான். சோக்கில் ஓடும்போது எரியாத பெட்ரோலும் சேர்ந்து ஆயிலை நீர்க்க வைக்கும். இன்னும் மோசம், இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் பிரீதர் குழாயில் இந்த ஈரம் உறைந்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, ஆயில் சீல் வழியாகப் பிதுங்கும். டூ ஸ்ட்ரோக்குக்கு இந்தத் தொல்லை கிடையாது. ஒவ்வொரு சுற்றிலும் புதுக் கலவை உள்ளே போய்க் கழுவிக்கொண்டே இருக்கிறது.

ஆகவே தினமும் இரண்டு கிலோமீட்டர் போய் வருபவருக்கு டூ ஸ்ட்ரோக், அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டுபவருக்கு ஃபோர் ஸ்ட்ரோக். குறுகிய தூரத்துக்கும் ஃபோர் ஸ்ட்ரோக்தான் வேண்டும் என்பவர் ஆயிலை இரண்டு மடங்கு சீக்கிரம் மாற்றிக்கொள்ளட்டும்.

கார்புரேட்டரில் பனி பிடிப்பது இரண்டுக்கும் பொது. பெட்ரோல் ஆவியாகும்போது சுற்றியுள்ள சூட்டை உறிஞ்சுவதால், காற்றில் இருக்கும் ஈரம் த்ராட்டில் அருகே உறைந்துவிடுகிறது. வறண்ட கடுங்குளிரைவிட, 0 டிகிரிக்குச் சற்று மேலே ஈரமாக இருக்கும் நாள்தான் இதற்குத் தோது. ஓடிக்கொண்டிருந்த வண்டி காரணமே இல்லாமல் நின்று, ஐந்து நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல ஸ்டார்ட் ஆனால், பிளக்கைக் கழற்றும் முன் இதைச் சந்தேகப்படுங்கள். இன்ஜினிலிருந்து கார்புரேட்டரைத் தள்ளி வைக்கும் நீளமான இன்டேக் குழாய் போட்டவர்களுக்கு இது கூடுதலாக வரும், இன்ஜின் சூடு அங்கே எட்டாது.

டயரில் உருளையை அழுத்தி ஓட்டும் ஃப்ரிக்‌ஷன் டிரைவைக் குளிர்காலத்துக்கு யோசிக்கவே வேண்டாம், எந்த இன்ஜினாக இருந்தாலும் சரி. ஈர டயரில் உருளை சும்மா சுற்றும். பெல்ட் கொஞ்சம் பரவாயில்லை, செயின்தான் நம்பகம்.

பேட்டரி மோட்டார் போட்டால் இந்தத் தலைவலி எதுவும் இல்லையே என்பார்கள். கார்புரேட்டர் தொல்லை இல்லைதான். ஆனால் லித்தியம் பேட்டரி குளிரில் ஓடும் தூரத்தைக் கணிசமாகக் குறைத்துக்கொள்ளும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் போட்டால் செல்லுக்குள் லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரமாகக் கெடும். கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோகக்கூடிய பேட்டரியாக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம்.

எந்த இன்ஜினாக இருந்தாலும் த்ராட்டில் கேபிளைப் பாருங்கள். உறைக்குள் தண்ணீர் புகுந்து உறைந்தால், திறந்த த்ராட்டில் திரும்ப மூடாது. கேபிளை உலர்த்தி ஆயில் விட்டு வையுங்கள். இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று கிளம்பும் முன்பே ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிடுங்கள்.