எனாமல், லாக்கர், அக்ரிலிக்: தபாலில் வந்து சேரும் வண்ணம் எது?

2025 செப்டம்பரில் நம் விமானப்படை மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுத்தபோது, என் மேசையில் அதே விமானத்தின் பிளாஸ்டிக் மாடல் 1:72 அளவில், ஒரு சிறகு மட்டும் சாம்பல் பூசிய நிலையில் கிடந்தது. எனாமல் டப்பா வறண்டுவிட்டது. வேலூரில் அந்த நிறம் கிடைக்காததால் இணையக் கடை ஒன்றில் பணம் கட்டினேன். பதினோரு நாள் காத்திருந்த பிறகு பார்சல் கடைக்கே திரும்பிவிட்டதாகத் தகவல் வந்தது. தீப்பற்றும் திரவத்தை விமானத்தில் ஏற்ற முடியாது என்பதுதான் காரணம். 14 மில்லி வண்ணத்துக்கு இவ்வளவா என்று அன்று கோபப்பட்டேன். விதிகளைப் படித்த பிறகு கோபம் போய்விட்டது. ஆனால் எனாமலையும் விட்டுவிட்டேன்.

பிளாஸ்டிக் மாடல் கட்டுகிறவர்கள் முன்னால் இருப்பவை நான்கு வகை. ஹம்ப்ரால் போன்ற எனாமல், மிஸ்டர் கலர் போன்ற லாக்கர், டாமியாவின் ஆல்கஹால் கலந்த அக்ரிலிக், வலேஹோ போன்ற தண்ணீர் அக்ரிலிக். எனாமல் தூரிகைத் தடம் தெரியாமல் படியும், உலர ஒரு நாள் எடுக்கும். லாக்கர் நிமிடங்களில் உலர்ந்து கெட்டியாகப் பிடிக்கும், முகமூடி இல்லாமல் அதன் பக்கத்தில் உட்கார முடியாது. தண்ணீர் அக்ரிலிக்கில் நாற்றம் கிடையாது, தூரிகையைக் குழாயடியில் கழுவிவிடலாம். இவை எல்லோரும் அறிந்தவை. சிறு ஊரில் இருக்கும் என் போன்றவர்களுக்குத் தீர்ப்புச் சொல்வது வேறொன்று: வேலை பாதியில் நிற்கும்போது, தீர்ந்துபோன அந்த ஒரு குப்பி தபாலில் வருமா?

அதை முடிவு செய்வது ஃபிளாஷ் பாயிண்ட். ஒரு திரவத்திலிருந்து எழும் ஆவி, பொறி பட்டதும் பற்றிக்கொள்ளும் அளவுக்குச் சேர்கிற மிகக் குறைந்த வெப்பநிலை அது. 60 டிகிரி செல்சியஸ் வரை அது அமைந்தால், சரக்குப் போக்குவரத்து விதிகளில் அந்தத் திரவம் மூன்றாம் வகுப்பு ஆபத்துப் பொருள். ஆபத்துப் பொருட்களை அடையாளம் காட்டும் ஐ.நா. எண்களில் தீப்பற்றும் பெயிண்ட்டுக்கு உரியது 1263. நம் நாட்டில் 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தின் 19-ஆம் பிரிவே வெடிபொருளையும் ஆபத்தான பொருட்களையும் தபாலில் அனுப்பத் தடை விதித்தது. 2024 ஜூனில் அதன் இடத்துக்குப் புதிய அஞ்சல் சட்டம் வந்துவிட்டது, ஆபத்துப் பொருள் இன்றும் ஆபத்துப் பொருள்தான். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கலாம் என்றாலும் வழியில்லை. அமெரிக்க அஞ்சல் துறை, தீப்பற்றும் திரவங்கள் சிலவற்றை உள்நாட்டில் தரைவழியாக, அளவுக் கட்டுப்பாட்டோடு ஏற்கிறது. நாடு தாண்டும் தபாலில் அறவே ஏற்பதில்லை.

எனாமலில் இருக்கும் கரைப்பான் பெரும்பாலும் ஒயிட் ஸ்பிரிட் வகை. அதன் ஃபிளாஷ் பாயிண்ட் 40 டிகிரியை ஒட்டியது. இங்கிலாந்துக் குளிரில் அந்த எண் சற்று நிம்மதி தரலாம். அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் நிழலிலேயே 40-ஐத் தாண்டுகிறது. வெயிலில் நிற்கும், நாலு பக்கமும் மூடிய பார்சல் வேனுக்குள் எவ்வளவு இருக்கும்! லாக்கரை இளக்கும் தின்னர்களில் சேரும் அசிட்டோனுக்கு அந்த எண் சுழியத்துக்கும் கீழே 20 டிகிரி. அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பலரும் ஏமாறுவது டாமியாவில். லேபிளில் அக்ரிலிக் என்று இருப்பதால் தண்ணீர் வண்ணம் என்று நினைத்துவிடுகிறோம். மூடியைத் திறந்தால் ஊசி போடுமுன் நர்ஸ் தடவும் பஞ்சின் வாசனை அடிக்கும். உள்ளே இருப்பது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். தனியாக எடுத்தால் அதன் ஃபிளாஷ் பாயிண்ட் 12 டிகிரிதான். வண்ணத்தில் கலந்திருக்கும்போது இந்த எண் மாறும் என்பதால், வாங்குமுன் தயாரிப்பாளரின் பாதுகாப்புத் தரவுத் தாளைப் பாருங்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். பதினாறு பகுதிகள் கொண்ட அந்தத் தாளில் இரண்டு போதும்: ஒன்பதாம் பகுதியில் ஃபிளாஷ் பாயிண்ட் இருக்கும், பதினான்காம் பகுதியில் போக்குவரத்து வகுப்பு இருக்கும். பதினான்கில் 1263 என்று கண்டால், அது விமானத்தில் சாதாரணப் பார்சலாக ஏறக்கூடிய வண்ணம் அல்ல.

‘பொம்மை’ என்று எழுதி அனுப்பிவிடலாம் என்று சொல்லும் விற்பனையாளர்களும் உண்டு. தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். 1996 மே மாதம் அமெரிக்காவில் வேலுஜெட் 592 விமானம் சரக்கறையில் தீப்பிடித்து விழுந்து 110 பேர் இறந்தார்கள். தீ மூண்டது, காலி ஆக்சிஜன் கலன்கள் என்று தவறாக எழுதி ஏற்றப்பட்ட ஆக்சிஜன் ஜெனரேட்டர்களிலிருந்து. பார்சல் மேல் எழுதுவதை நம்பித்தான் மற்றவர்கள் அதைக் கையாளுகிறார்கள்.

ஆகவே நான் தண்ணீர் அக்ரிலிக் பக்கம். பணத்தைத் திருப்பித் தந்த அதே கடையிலிருந்து வலேஹோ சாம்பல் குப்பி நான்கே நாளில் வந்தது. நிறம் எனாமலோடு இம்மியும் ஒத்துப்போகவில்லை. நன்றாகக் காய்ந்திருந்த முதல் சிறகின் மேலேயே மறுபடியும் பூசினேன்.

குறைகள் இருக்கின்றன. வெறும் பிளாஸ்டிக்கில் இது சரியாகப் பிடிக்காது. முதலில் பிரைமர் என்ற அடிப்பூச்சு அடிக்க வேண்டும், அந்தப் பிரைமரும் தண்ணீர் வகையாக இருந்தால்தான் தபாலில் வரும். நகம் பட்டால் உரியும் என்பதால் ஒரு நாளாவது தொடாமல் விடுங்கள். நிறமி அடியில் தங்கிவிடும். ஒரு நிமிடம் குலுக்கினேன் என்று நினைக்கும்போது இன்னொரு நிமிடம் குலுக்க வேண்டும். சொட்டு முனைக் குப்பி பயணத்தில் கசியலாம். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஜிப் கவரில் போட்டு அனுப்பச் சொல்லிக் கடைக்குத் தனியாக எழுதுகிறேன். இதுவரை ஒரு குப்பிதான் கசிந்தது, கவருக்குள்ளேயே நின்றுவிட்டது. எங்கள் ஊர்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால், வண்ணத்தை இளக்க இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரைப் பயன்படுத்துகிறேன். அரை லிட்டர் மாதக்கணக்கில் வருகிறது.

எனாமலுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். அதை இளக்கும் டர்பன்டைன் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும், வண்ண டப்பாதான் கிடைக்காது. ஹாபி கடை உள்ள பெருநகரத்தில் இருந்தால் நான் எனாமலை விட்டிருக்க மாட்டேன். லாக்கரை ஏர்பிரஷ்ஷில், அதாவது காற்றழுத்தத்தால் வண்ணம் தெளிக்கும் கருவியில், இரண்டு முறைதான் அடித்திருக்கிறேன், அதுவும் நண்பர் வீட்டு மொட்டைமாடியில். அவ்வளவு வழவழப்பை வேறு எதிலும் நான் பார்த்ததில்லை. தண்ணீர் அக்ரிலிக்கோ ஏர்பிரஷ் முனையில் உலர்ந்து அடைத்துக்கொள்கிறது. என் அனுபவம் சில மாதங்கள்தான், பத்து ஆண்டு கழித்து இதன் நிறம் எப்படி நிற்கும் என்பதை என் மாடல்களைக் கொண்டு இப்போது சொல்ல முடியாது.

மிக்-21 முடிந்துவிட்டது. பழைய எனாமல் டப்பாக்களில் இன்னும் ஈரமாக இருப்பவை ஆறு. அவற்றைச் சக்கரத்துக்கும் புகைபோக்கிக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, தீரத் தீர அந்த நிறத்தைத் தண்ணீர் அக்ரிலிக்கில் வாங்கிவருகிறேன்.